வன்னிக் கடலில் அரிய தட்டைச் சிங்கி இறாலைப் பதிவு செய்வது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களின் கரைகளில் நண்டு வலையோடும் அடிமீன் வலையோடும் தட்டைச் சிங்கி இறால்கள் ஏறுவது புதிதல்ல. அவற்றுள் வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டவர், அது இந்தக் கடலில் இருக்கிறது என்று பிறர் ஏற்கும் வகையில் பதிவு செய்ய விரும்பினால், எந்தத் திணைக்களத்துக்கு முதலில் போவது, கொப்பியில் எதை எழுதுவது, மாதிரியை எதில் வைப்பது என்பவற்றைத் தமிழில் ஒன்றாகச் சொல்லும் கைநூல் எதுவும் நான் தேடியபோது கிடைக்கவில்லை. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்ட, அந்த அலுவலகம் மறுபடியும் முதலாவதையே காட்ட, பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்த அலைச்சல் உங்களுக்கும் வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பதிவு நிலைக்குமா வீணாகுமா என்பது பெரும்பாலும் கரையில், வலை கழற்றும் முதல் மணித்தியாலத்திலேயே முடிவாகிவிடுகிறது. இனப்பெயர் பிழையென்றால் பின்னர் எவரும் திருத்தலாம். பிடித்த இடமும் நாளும் தொலைந்துவிட்டால் எந்த நிபுணராலும் அவற்றை மீட்க முடியாது.

1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

சாதாரண சிங்கி இறாலுக்குச் சாட்டை போல நீண்ட, முள் நிறைந்த இரண்டு உணர்கொம்புகள் இருக்கும். தட்டைச் சிங்கி இறாலில் அந்த உணர்கொம்புகளே அகன்ற தகடுகளாகி, தலையின் முன்னே விரிந்து நிற்கும். இரண்டுக்கும் நண்டுக்கு இருப்பது போன்ற பெரிய இடுக்கிகள் இல்லை. தட்டைச் சிங்கி இறால்கள் அனைத்தும் சில்லரிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

எங்கள் கரைகளில் அதிகம் இறங்குவது தீனஸ் என்னும் பேரினம். உடல் மிகத் தட்டையாக, முன்புறம் அகன்று வால்பக்கம் ஒடுங்கியிருக்கும். கண்கள் ஓட்டின் முன் மூலைகளில், இரண்டு ஓரங்களிலும் இருக்கும். மணலும் சேறும் கலந்த தரையில் பகலில் புதைந்து கிடந்து இரவில் நடமாடுவதால், இரவு படுத்து விடியலில் இழுக்கும் வலையில்தான் அது கூடுதலாக ஏறும். பாறையும் முருகைக் கல்லும் உள்ள அரிப்பு, சிலாவத்துறை, வங்காலைப் பக்கங்களில் வேறு பேரினங்களை எதிர்பார்க்கலாம். ஓட்டின் ஓரமெங்கும் பற்கள் போல் வெட்டுகள் கொண்ட பாரிபாகஸ், உருண்டு தடித்த சில்லரைடிஸ், விரலளவே வளரும் பெட்ராக்டஸ் போன்ற சிறியவை ஆகியன அவற்றுள் அடங்கும். சிறியவற்றை விலை போகாதவை என்று கரையிலேயே கொட்டிவிடுவார்கள். எனவே ஒன்று அரிது என்று எழுதுமுன், அது கடலில் அரிதா, அல்லது கொட்டப்பட்ட குவியலை யாரும் கிளறிப் பார்க்காததால் அரிதாகத் தோன்றுகிறதா என்று உங்களை நீங்களே கேளுங்கள். என் எண்ணத்தில் வன்னியின் அரிய இனங்களில் பல அந்தக் குவியல்களில்தான் கிடக்கின்றன.

2. அனுமதிகளை முதலில் முடியுங்கள்

கரையில் இறக்கப்பட்டதை உரிமையாளரின் சம்மதத்தோடு படமெடுத்து அளப்பது ஒரு வகை வேலை. நீங்களே கடலில் இறங்கிச் சேகரிப்பது வேறொரு வகை. புதியவர் முதல் வகையோடு நின்றுகொள்வதே நல்லது. செலவு குறையும், காத்திருப்பும் குறையும், மீனவர்களின் அறிவும் உங்களுக்குக் கிடைக்கும்.

எந்த வகையானாலும் மாவட்டக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்கள அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நீங்கள் யார், எந்த நிறுவனத்தோடு வேலை செய்கிறீர்கள், எந்த இறங்குதுறைகளில், எந்த மாதங்களில் நிற்பீர்கள், எத்தனை மாதிரிகளை எடுப்பீர்கள், அவற்றை எங்கே வைப்பீர்கள் என்பவை ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையின் பிரதியையும், நிறுவனத் தலைவரின் அல்லது மேற்பார்வையாளரின் கடிதத்தையும் இணையுங்கள். இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரையில் யாராவது மறித்துக் கேட்டால் முதலில் உதவுவது அந்த முத்திரை பதித்த பிரதிதான். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. ஆயினும் கொழும்புக்குப் போகும் கடிதங்களோடு ஆங்கிலப் பிரதி ஒன்றையும் இணைத்தால் மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு கிடப்பதைத் தவிர்க்கலாம்.

அடுத்தது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். சுண்டிக்குளம் தேசிய பூங்கா, ஆதாம் பாலம் கடல்சார் தேசிய பூங்கா, விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கம், நந்திக்கடல் இயற்கை ஒதுக்கம், கொக்கிளாய், வங்காலைச் சரணாலயங்கள் என எங்கள் கரையின் பெரும் பகுதி ஏதோ ஒரு பாதுகாப்புக்குள் வருகிறது. இவற்றின் எல்லைக்குள் மாதிரி எடுப்பதற்கு அத்திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். எல்லையை ஊகித்து முடிவு செய்யாமல் வரைபடத்தில் பாருங்கள். மீனவர் சொல்லும் இடப்பெயரும் ஒதுக்கத்தின் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஆய்வு முன்மொழிவு பரிசீலிக்கப்பட்டு அனுமதி கைக்கு வர மாதக் கணக்கில் ஆகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். பங்குனியில் வேலை தொடங்க விரும்புபவர் முந்திய ஆண்டின் ஆவணி, புரட்டாதியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

மாதிரியையோ அதன் ஒரு துண்டையோ வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தனி அனுமதி தேவை. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் மின்னஞ்சலில் அன்பாகக் கேட்டாலும் அஞ்சல் உறைக்குள் ஒரு காலைக்கூட வைத்து அனுப்பாதீர்கள். படங்களை அனுப்புங்கள், பெரும்பாலும் அவையே போதும்.

3. தடைக்காலத்தையும் காற்றையும் பார்த்து நாள் குறியுங்கள்

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் சிங்கி இறாலுக்கு ஒழுங்குவிதிகள் உள்ளன. பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் தடைக்காலம். சினை சுமந்தவற்றையும், அளவு குறைந்தவற்றையும், ஓடு கழற்றி மென்மையாக இருப்பவற்றையும் பிடித்து வைத்திருக்கக் கூடாது. இவ்விதிகள் உங்கள் மாவட்டத்தில் தட்டை இனங்களுக்கு எவ்வாறு நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்பதை உங்கள் கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டு, அவர் சொன்னதைத் திகதியுடன் குறித்துக்கொள்ளுங்கள்.

2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் அடிமட்ட இழுவை மடித் தொழில் தடை செய்யப்பட்டிருக்கிறது. இழுவைப் படகில் ஏறிய மாதிரியை நீங்கள் வாங்கினால் உங்கள் பதிவே சட்டவிரோதத் தொழிலின் சான்றாகிவிடும். அதைத் தொடாதிருப்பதே நல்லது.

முல்லைத்தீவுக் கரையில் வாடைக் காற்று அடங்கிய பின், பங்குனி முதல் ஆவணி வரை வேலை ஓடும். மன்னார், பூநகரிப் பக்கம் சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும் காலத்தில் கடல் கொந்தளிக்கும். அங்கே ஐப்பசிக்குப் பின் வரும் மாதங்கள் ஏற்றவை. இரண்டு கரைகளையும் ஒரே மாதத்தில் முடிக்கத் திட்டமிடாதீர்கள்.

4. சங்கத்தோடு பேசுங்கள்

அனுமதிக் கடிதம் கிடைத்ததும் நேரே கரைக்குப் போகாமல், அந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவரையோ செயலாளரையோ சந்தியுங்கள். பல சங்கங்களில் உங்கள் வேலை இருந்தால் அச்சங்கங்களின் கூட்டமைப்பான மாவட்டச் சமாசத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். இந்த மக்கள் கணக்கெடுப்புக்கும் விசாரணைக்கும் பலமுறை ஆளானவர்கள். கொப்பியோடு ஒருவர் வந்து எந்த இடத்தில் வலை போட்டீர்கள் என்று கேட்டால் அச்சப்படுவது இயல்பு. நீங்கள் பெறும் தகவல் யாருக்குப் போகும் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

வலைபடும் இடம் ஒரு தொழிலாளியின் சொத்து. பலர் ஜிபிஎஸ் புள்ளிகளைக் கூடப்பிறந்தவருக்கும் காட்டுவதில்லை. எனவே நுண்ணிய புள்ளியை உங்கள் கொப்பியில் மட்டும் வைத்து, வெளியிடும்போது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அளவுக்கு அதன் துல்லியத்தைக் குறைப்பேன் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். படகில் ஏறிப் போக விரும்பினால் அந்தக் கரைக்குப் பொறுப்பான கடற்படைக் காவலிடத்தில் படகு வைத்திருக்கும் சம்மட்டியாரோடு முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டை இல்லாமல் ஏறாதீர்கள்.

5. பையில் இருக்க வேண்டியவையும் செலவும்

றெஜிபோம் பெட்டி, நொறுக்கிய ஐஸ், பிடி உள்ள பொலித்தீன் பைகள், பென்சில், தடித்த கடதாசியில் முன்பே வெட்டிய அடையாளச் சீட்டுகள், வேணியர் இடுக்கிமானி, அடிமட்டம், மட்டான சாம்பல் நிற அட்டை, நல்ல கைத்தொலைபேசி, ஒரு சிறிய கத்தரிக்கோல். இவ்வளவு போதும். இடுக்கிமானியைத் தவிர மற்றவை மலிவானவை. அதையும் பாடசாலையிலோ பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ இரவல் பெறலாம்.

மெய்யான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கரையில் மீன் வாங்கும் கொட்டிலான வாடியில் கிலோவுக்கு என்ன விலை போகிறதோ அந்த விலையைக் கொடுத்தே மாதிரியை வாங்குங்கள். அதற்கு மேல் ஏற்றிக் கொடுத்தால் அரியது என்று சொல்லி அதைத் தேடிப் பிடிக்கும் ஆசையை நீங்களே உருவாக்குகிறீர்கள். சிங்கி இறால் வலையில் சிக்கினால் விரைவாகக் கழற்றுவதற்குக் காலை முறிப்பார்கள். கால் முறிந்தால் இனங்காண உதவும் அடையாளமும் போய்விடும். கண்ணியை வெட்டி முழுதாக எடுத்துத் தரும்படி கேளுங்கள். வெட்டிய கண்ணியைப் பொத்துவதற்கான கூலியைத் தனியாகக் கொடுங்கள். எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையில் மிகப் பயன் தரும் செலவு இதுதான்.

எத்தனோலை நீங்களாகக் கடையில் வாங்க முயலாதீர்கள். அது மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றின் மூலமாகவே பெற வேண்டும். அதனால்தான் முதல் நாளிலிருந்தே ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்யச் சொல்கிறேன்.

6. முதல் மணித்தியாலம்

வலை கழற்றும் இடத்தில், அந்த ஆளின் வேலையை மறிக்காமல், அருகில் இருந்துகொண்டு கேளுங்கள். “அண்ணை, வலை எத்தினை பாகத்தில படுத்தனீங்கள்? தரை சேறோ மணலோ?” என்று அவர்களின் அளவிலேயே கேட்டால் விடை உடனே வரும். ஒரு பாகம் ஏறத்தாழ 1.83 மீற்றர். அவர் சொன்ன பாகத்தையே முதலில் எழுதி, மீற்றருக்கு மாற்றியதைப் பக்கத்தில் எழுதுங்கள். மாற்றியதை மட்டும் எழுதினால் பிழை எங்கே வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கொப்பியில் இருக்க வேண்டியவை: வலை படுத்த திகதி, இழுத்த திகதியும் நேரமும், இறங்குதுறை, மீனவர் சொல்லும் கடலிடப் பெயர், கரையிலிருந்து தூரமும் திசையும், ஆழம், தரை, வலையின் வகையும் கண்ணியளவும், அந்த வலையில் கூட ஏறிய மீன்களும் நண்டுகளும், மீனவர் இந்த உயிரிக்குச் சொல்லும் பெயர். அந்தப் பெயரைத் திருத்தாமல் வாயில் வந்தபடியே எழுதுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயர் இரண்டு இனங்களுக்கு வழங்குவதும் உண்டு.

ஆள்கூறுகளை எடுக்கும்போது கரையில் நீங்கள் நிற்கும் இடத்தின் புள்ளியைப் பிடித்த இடமாக எழுதிவிடாதீர்கள். படகின் கருவியில் உள்ள புள்ளியைத் தசமப் பாகையில் எழுதுங்கள். கருவி இல்லையென்றால் இறங்குதுறையின் புள்ளியை எழுதி, அதிலிருந்து எத்தனை கிலோமீற்றர், எந்தத் திசை என்று குறியுங்கள்.

வாடியில் ஐஸ் பெட்டிக்குள் கிடப்பதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். கொக்கிளாயிலும் நாயாற்றிலும் அளம்பிலிலும் இறங்கியவை ஒரே பெட்டியில் சேர்ந்திருக்கும். சந்தைக்குப் போனால் கலப்பு இன்னும் பெருகும். பெட்டியில் கண்டது ஒரு துப்பு மட்டுமே. எந்தக் கரையிலிருந்து வந்தது என்று விசாரித்து, மறுநாள் விடியலில் அந்தக் கரையில் போய் நில்லுங்கள்.

வாலைப் புரட்டிப் பாருங்கள். நீந்து கால்களில் செம்மஞ்சள் நிற முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் சினை புதிது. கபில நிறமாக மாறியிருந்தால் முதிர்ந்தது. எதுவானாலும் ஈரச் சாக்கில் வைத்து விரைவாகப் படமெடுத்து, உயிரோடு கடலில் விடச் சொல்லுங்கள். வலையில் முறிந்து விழுந்த கால் ஒன்று இருந்தால் மரபணுச் சோதனைக்கு அதுவே போதும். ஆனால் அதை எடுத்து வைப்பதற்கும் அனுமதிக் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

7. படமும் அளவும்

நிறத்தை உயிரோடு இருக்கும்போதே படத்தில் பிடியுங்கள். அவித்தால் எல்லாம் சிவப்பாகும். எத்தனோலில் நிறம் வெளுத்துவிடும். சாம்பல் அட்டையின் மேல், நிழலில், அடிமட்டத்தை உடலுக்குப் பக்கத்தில் அதே மட்டத்தில் வைத்து எடுங்கள். முதுகுப்புறம் முழுதாக ஒன்று, வயிற்றுப்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பிறகு அண்மைப் படங்கள்: உணர்கொம்புத் தகடுகளின் விளிம்பு, கண்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியும், ஓட்டின் நடுமேடு, வயிற்றின் முதல் இரண்டு துண்டங்களின் மேற்புறம், ஒவ்வொரு காலின் உட்புறம். காலின் உட்புறத்தைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள்; தீனஸ் பேரினத்தில் இனத்தைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

அளவில் முதன்மையானது ஓட்டு நீளம்: இரண்டு கண்களுக்கும் நடுவே முன்விளிம்பிலிருந்து, முதுகின் நடுக்கோட்டில் ஓடு முடியும் பின்விளிம்பு வரை. மொத்த நீளத்தை அளக்கும்போது உணர்கொம்புத் தகடுகளைச் சேர்க்காதீர்கள்; வாலை மடங்காமல் நேராக்கி அளவிடுங்கள். ஆணா பெண்ணா என்பதை இனப்பெருக்கத் துளையைக் கொண்டு அறியலாம்: பெண்ணில் மூன்றாம் சோடிக் கால்களின் அடியிலும், ஆணில் ஐந்தாம் சோடிக் கால்களின் அடியிலும் அது இருக்கும்.

8. மாதிரியைக் காப்பது

கரையிலிருந்து உடனே ஐஸில் வையுங்கள். உருகிய நீரில் மிதக்க விடாமல் பையைக் கட்டி வையுங்கள். ஆய்வுகூடத்தில் முதல் வேலையாக ஒரு காலின் தசையை, 95 வீதத்துக்குக் குறையாத எத்தனோல் உள்ள சிறு குப்பியில் வைக்க வேண்டும். தசை சிறிதாகவும் எத்தனோல் அதைப்போல் பத்து மடங்காகவும் இருக்கட்டும். மறுநாள் எத்தனோலை மாற்றுங்கள். மீதி உடலை 70 வீத எத்தனோலில் வைக்கலாம். போமலினில் போட்டுவிட்டால் மரபணு சிதைந்துவிடும். தசையை எடுக்குமுன் போமலினைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள். பேனை மை எத்தனோலில் கரைந்து போகும். வெளியே ஒட்டிய சீட்டு ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. சீட்டில் கொப்பியின் எண் மட்டும் இருந்தால் போதாது. இடம், திகதி, ஆழம், வலை ஆகியவையும் இருக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் கொண்டுபோவதானால் எத்தனோல் போத்தலோடு ஏறாதீர்கள். அது எளிதில் தீப்பற்றும். ஐஸில் கொண்டுபோய், அங்கே எத்தனோலுக்கு மாற்றுங்கள்.

9. இனம் காணுதல்

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 1991இல் வெளியிட்ட உலகச் சிங்கி இறால்களின் அட்டவணையும், 1994இல் வெளியிட்ட இலங்கைக் கடல் வளங்களுக்கான கள வழிகாட்டியும் தொடக்கத்துக்கு உதவும். இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஆனால் அவற்றில் உள்ள பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். தீனஸ் பேரினத்தில் நீண்ட காலம் ஓரியன்டாலிஸ் என்னும் ஓரினமே ஏற்கப்பட்டிருந்தது. 2007இல் வெளிவந்த மறுஆய்வு அதை ஐந்தாகப் பிரித்தது. பொதுவாக, கால்களில் புள்ளிகள் நிறைந்தது ஓரியன்டாலிஸ், புள்ளியே இல்லாதது இண்டிகஸ், காலின் உட்புறத்தில் கருஊதாத் திட்டு உள்ளது யூனிமாகுலேட்டஸ். நிறத்தை மட்டும் நம்பாமல் ஓட்டின் அளவு விகிதங்களையும் ஒப்பிட வேண்டும். சிறிய இனங்களின் பழைய சில்லாரஸ் என்னும் பேரினமும் 2002இல் பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. பழைய கட்டுரையில் உள்ள பெயரை வோர்ம்ஸ் என்னும் கடலுயிரிப் பெயர்ப் பதிவேட்டில் சரிபார்த்த பின்பே பயன்படுத்துங்கள்.

ஐயம் தீராவிட்டால் மரபணுவில் சிஓஐ என்னும் பகுதியின் ஏறத்தாழ 650 கார இணைகளை வாசித்து ஒப்பிடலாம். அதற்குப் பணமும் ஆய்வுகூடமும் வேண்டும். எல்லாப் பதிவுக்கும் அது கட்டாயமல்ல. தெளிவான படங்களும் பாதுகாத்த மாதிரியும் இருந்தால் இனத்தைப் பிறகும் உறுதி செய்யலாம். அதுவரை பேரினப் பெயரோடு நிறுத்துங்கள்.

இலங்கையில் முதல் பதிவு என்று எழுதுமுன் பழைய அறிக்கைகளைப் புரட்டுங்கள். மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்புத் தொடர்பாக 1903 முதல் 1906 வரை வெளிவந்த, விலங்கியலாளர் ஹேர்ட்மனின் அறிக்கைத் தொகுதிகளில் இறால் வகைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. நீங்கள் புதிது என்று எண்ணுவது அங்கே வேறு பெயரில் இருக்கலாம்.

10. ஒப்படைப்பதும் வெளியிடுவதும்

மாதிரி உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும்வரை பதிவு முடியவில்லை. கொழும்புத் தேசிய நூதனசாலையிலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனம் ஒன்றின் சேகரிப்பிலோ ஒப்படைத்து, பதிவெண் வாங்குங்கள். அந்த எண் இல்லாத கட்டுரையை மதிப்பாய்வாளர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஒப்படைக்கப் போகும் முன் பொறுப்பாளருக்கு எழுதி நாள் கேளுங்கள்; முன்னறிவிப்பின்றிப் போத்தலோடு போனால் வாசலில் வைத்துவிட்டு வர நேரும். ஒப்படைத்ததற்கான கடிதத்தில் அனுமதி இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

படம் மட்டும் உள்ள பதிவென்றால், உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையத்தளத்தில் கட்டணமின்றி ஏற்றலாம். திகதி, இடம், படம் மூன்றும் இருந்து, பிறரும் இனப்பெயரை உறுதி செய்தால், உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்கும் அது போய்ச் சேரும். அதற்குப் பொருந்தும் பதிப்புரிமை அனுமதியைத் தெரிவு செய்ய மறக்காதீர்கள். இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்தி மீனவருக்குக் கொடுத்த வாக்கையும் காக்கலாம்.

ஆய்விதழுக்கு எழுதுவதென்றால் அனுப்புமுன் வெளியீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். சில இதழ்கள் ஒரு பட்டதாரியின் பல மாதச் சம்பளத்தைக் கேட்கும். சூடாக்ஸா போன்ற இதழ்கள், எவரும் இலவசமாக வாசிக்கும் திறந்த அணுக்கத்தைக் கேட்காத கட்டுரைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. மதிப்பாய்வுக்கு மாதங்கள் ஆகும். அதற்கிடையில் செய்தித்தாளுக்குச் சொல்லி, “அரிய சிங்கி இறால் சிக்கியது” என்று இடப்பெயரோடு வெளிவர விடாதீர்கள். அடுத்த வாரமே அந்த இடத்துக்கு வெளியார் படகுகள் வரும்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் மீனவரின் பெயரை நன்றியுரையில் சேர்ப்பதற்கு அவரது சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்; வேண்டாம் என்றால் சங்கத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். அச்சுப் பிரதிகளை நூதனசாலைக்கும், மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கும், அனுமதி தந்த திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அனுமதியைப் புதுப்பிக்கும்போது முந்திய வேலையின் விளைவு என்ன என்று கேட்பார்கள். அப்போது அந்தப் பற்றுச்சீட்டுகளும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். சங்கத்துக்கு மட்டும் ஆங்கிலக் கட்டுரையோடு நிறுத்தாமல், படத்தோடு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.